மூன்று வாளி எலுமிச்சை

“தின்னு” என்றான் ரசமட்டம்.

எலுமிச்சை மரத்தின் நுனிக்கொம்பிலிருந்து பறித்த இலை அது. மனைவியின் கொண்டையை இடது கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களால் அந்த இலையை அவள் வாய்க்குள் திணித்தான். சிமென்டு தின்று சொரசொரத்துப் போன கட்டைவிரல் அவளுடைய மேலுதட்டைப் பல்லோடு வைத்து நசுக்கியது.

“மென்னு பாரு. சோப்பு ருசி தெரியுதா? உன் அழுக்குத் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு என் மரம் எப்படிச் சாகுதுன்னு உனக்கும் தெரிய வேணாமா?”

அவள் மென்றாள். கசப்பு தெரிந்தது, உதட்டு ரத்தத்தின் உப்பு தெரிந்தது. சோப்பு தெரியவில்லை. அதைச் சொல்கிற நேரம் அது இல்லை என்பதை அவளுடைய தாடை அனுபவத்தில் அறியும். கொண்டையை விட்டவன் இடுப்பில் ஓர் உதை கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். சட்டை அவள் துவைத்தது. காலர் கத்தி மாதிரி நின்றது.

அவன் போன பிறகு அவள் இலையைத் துப்பி, உள்ளங்கையில் விரித்து, கழுவிப் பார்த்தாள். இளம் இலை. முழுக்க மஞ்சள், ஆனால் நரம்புகள் மட்டும் பச்சை. மஞ்சள் துணியில் பச்சை நூலால் யாரோ பொறுமையாகத் தையல் போட்டது மாதிரி இருந்தது. அழுக்குத் தண்ணீர் இவ்வளவு ஒழுங்காகக் கெடுக்குமா என்று அவளுக்கு ஒரு கேள்வி வந்தது. அந்த வீட்டில் கேள்வி வருவது ஆபத்து. இருந்தும் வந்துவிட்டது.

தெருவில் அவளுக்கு வெள்ளையக்கா என்று பெயர். நிறத்தால் வந்த பெயர் இல்லை, நிறத்தில் அவள் நல்ல கருங்கல். இரண்டு விடுதிகளின் படுக்கை விரிப்புகளும் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையின் சீருடைகளும் அவளிடம் வந்து போயின. வந்தபோது எந்த நிறத்தில் இருந்தாலும் போகும்போது வெள்ளையாகப் போயின. வீட்டின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை. அதில் இரண்டு சலவை இயந்திரங்கள், ஒரு துவைகல், உலர்த்தக் கம்பிகள். வீட்டுச் செலவில் பாதி அந்தக் கொட்டகையிலிருந்து வந்தது. பாதி என்று அவன் ஒரு நாளும் ஒப்புக்கொண்டதில்லை. “பொழுதுபோக்குக்குத் துணி அலசுறா” என்பான்.

கறை விஷயத்தில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. புதுக் கறை ஒன்று வந்தால் துணியின் ஓரத்தில் முதலில் சோதிப்பாள். ஒரு மருந்து போட்டு, காத்திருந்து, பார்ப்பாள். போகவில்லையென்றால் அலசிவிட்டு அடுத்தது. கூட வேலை பார்க்க வந்த பெண்கள் அவசரத்தில் இரண்டையும் சேர்த்து ஊற்றினால் கையில் தட்டுவாள். “ரெண்டையும் ஒண்ணாக் கொட்டுனா எது வேலை செஞ்சதுன்னு எப்படித் தெரியும்? அடுத்த துணிக்கு எவ பதில் சொல்வா?” ரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர்தான், வெந்நீர் பட்டால் இறுகிவிடும். இதை அவள் விடுதி விரிப்புகளில் கற்றதைவிடத் தன் சொந்தத் தலையணை உறையில் கற்றதுதான் அதிகம்.

ரசமட்டம் கொத்தனார். சுவரின் மட்டம் பார்க்கும் கருவியை எப்போதும் சட்டையின் முதுகுப்பக்கம் செருகிக்கொண்டு திரிவதால் வந்த பெயர். அவன் எழுப்பிய சுவர் ஒரு நூல்கூடச் சாயாது. அடுத்தவன் கட்டியது சாய்ந்திருந்தால் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு, “இதுக்குப் பேரு சுவரா, சாய்வு நாற்காலியா?” என்பான். வேலையில் அவனிடம் பொய் கிடையாது. தெரு அவனை மதித்தது அதற்காக. மற்றதும் தெருவுக்குத் தெரியாததில்லை. அவன் கட்டிய சுவர்கள் நேராக இருந்தனவே தவிர, சத்தத்தைத் தடுக்கும் அளவுக்குத் தடித்தவை அல்ல. பக்கத்து வீட்டில் பாத்திரம் உருண்டால்கூட எட்டிப் பார்க்கும் சனம், வெள்ளையக்கா சுவரில் மோதும் சத்தம் கேட்டால் மட்டும் வானொலியைக் கொஞ்சம் கூட்டி வைத்தது. அடிக்கிற கைதான் அணைக்கும் என்று ஒரு பழமொழி சொல்வார்கள். அதைக் கண்டுபிடித்தது அடிவாங்கிய முதுகு இல்லை, கையின் சொந்தக்காரன்.

வீடு நின்ற மண், அவளுடைய அம்மா அவள் பெயருக்கு எழுதிவைத்தது. மேலே எழும்பிய சுவர் அவன் கட்டியது. அடித்தளம் போட்ட வாரமே முற்றத்தில் அந்த எலுமிச்சையை நட்டான். வேலை கொடுப்பவர்கள் வந்தால் வாசலில் நிற்கவைத்து ஒரு பை நிறையப் பறித்துக் கொடுப்பான். “நம்ம கையால வச்சது சார், கல்லுலயும் காய்க்கும்” என்பான். அந்த மரம்தான் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளடித்துப் போனது. புதுத் தளிர் சுண்டுவிரல் நீளத்துக்கு மேல் வளரவில்லை. காய்த்த காய்கள் கோலிக்குண்டு அளவிலேயே நின்று உதிர்ந்தன.

ஒரு நாள் கான்ட்ராக்டர் ஒருவர் வீட்டுக்கு வந்தபோது மரத்தை அண்ணாந்து பார்த்தார்.

“என்ன ரசமட்டம், மரத்துக்கு மஞ்சக்காமாலையா? மூணு மாடியைத் தூக்கி நிறுத்துறே, ஒரு செடியை நிறுத்த முடியலையே?”

கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவர்கள் தெருமுனை திரும்பும்வரை சிரித்துக்கொண்டே நின்றுவிட்டு, உள்ளே வந்து கதவைச் சாத்தினான். யாரால் இது என்று அவன் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. கொட்டகைத் தண்ணீர் முற்றத்தின் வழியாகத்தான் ஓடியது. கோடைக்காலத்தில் கடைசி அலசல் தண்ணீரை அவளே வாளியில் மொண்டு மரத்துக்கு ஊற்றியதை அவன் பார்த்திருக்கிறான். காரணத்தைத் தேடுவதற்குப் பொறுமை வேண்டும். ஆளைத் தேடுவதற்குக் கை போதும்.

அன்று அவள் காது கிழிந்தது. இலை தின்றது அதற்கு மறுவாரம்.

பிறகு தீர்ப்பு வந்தது. “இனிமே இந்த வீட்டுல ஒரு துணி நனையக் கூடாது. ஒரு சொட்டு சோப்பு தரையில விழுந்தா உன் விரலை ஒண்ணொண்ணா ஒடிச்சு அந்த மரத்துக்கே உரமா போடுவேன்.” இயந்திரங்களுக்குப் போகும் தண்ணீர்க் குழாயை அறுத்து, கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

அவள் வாழ்க்கையில் அவளுடையது என்று சொல்ல இருந்தது அந்தக் கொட்டகை ஒன்றுதான். அதுவும் போனால் ஒரு சோப்புக்கும் அவனிடம் கை நீட்டி நிற்க வேண்டும். எந்தக் கையிடம் நீட்டுவது என்பதுதான் சங்கடம்.

துவைப்பதை நிறுத்தினாள். விடுதி மேலாளர் இரண்டு தடவை ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு வேறு இடம் தேடிக்கொண்டார். தொழிற்சாலைக்காரர்கள் மட்டும், “சீக்கிரம் சொல்லுங்கக்கா, அங்க குடுத்தா சட்டை நீலமா வருது” என்று காத்திருந்தார்கள். மழை வந்து போனது. முற்றத்தில் சோப்பு வாசனைகூட இல்லை. மரம் மட்டும் இன்னும் மஞ்சளானது. கொம்பு நுனிகளில் இலைகள் கிட்டத்தட்ட வெள்ளையாகவே வந்தன.

மருந்து வேலை செய்யவில்லை, அப்படியானால் கறை வேறு. அவளுக்கு இது தெளிவாகத் தெரிந்தது. ரசமட்டத்துக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

“நான் போனதுக்கப்புறம் திருட்டுத்தனமா ஊத்துறே.”

“கொட்டகை சாவி உங்க இடுப்புலதானே இருக்கு. எதை எடுத்து ஊத்துவேன்?”

எதிர்க்கேள்வி. அறுத்து வைத்திருந்த அந்தக் குழாயாலேயே அடித்தான். ரப்பர் குழாய் சதையில் விழும்போது ஒரு சத்தம், எடுக்கும்போது இன்னொரு சத்தம். அவள் சமையல் மேடைக்கும் சுவருக்கும் இடையில் சுருண்டு தலையைக் கைகளால் மூடிக்கொண்டாள். தலையை மூடினால் முதுகு கிடைக்கும், முதுகைத் திருப்பினால் தொடை கிடைக்கும். கை ஓய்ந்தபோது அவன் மூச்சு வாங்க நின்று, தண்ணீர் குடித்து, சொம்பை மேடையில் மிகச் சரியாக நேராக வைத்தான்.

மாடி அறையில் அவனுடைய தங்கை இருந்தாள். மருந்துக் கடையில் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தன் சம்பளத்தில் தானே சாப்பிட்டுக்கொண்டு இருப்பவள். கீழே சத்தம் அடங்கிய பிறகு களிம்பும் பஞ்சும் எடுத்துக்கொண்டு இறங்கி வருவாள். களிம்பு கொண்டுவருவாளே தவிர ஒரு கேள்வி கொண்டுவந்ததில்லை.

அன்றும் வந்தாள். முதுகைத் துடைத்துக்கொண்டே, “அண்ணன் மனசு வெள்ளை, அண்ணி. கைதான் கொஞ்சம் முந்திக்குது” என்றாள்.

“மனசை நான் பார்த்ததில்ல. கையைத்தான் பார்த்திருக்கேன்” என்றாள் வெள்ளையக்கா. “நீ ஒரு உதவி பண்ணு. நாளைக்கு என்கூட நாற்றுப் பண்ணைக்கு வா.”

பண்ணையில் இருந்த அம்மாள் வேளாண்மை படித்தவள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இலைகளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சரமாரியாகக் கேட்டாள். கீழே இருக்கிற முற்றின இலை முதலில் மஞ்சளாகுதா, நுனியில் இருக்கிற இளசு மஞ்சளாகுதா? நரம்பு பச்சையா இருக்கா? வேரடியில் தண்ணி தேங்குதா? இலைக்கு அடியில் பூச்சி ஒட்டியிருக்கா? வெள்ளையக்கா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். அவ்வளவு நேரம் தன்னை யாரும் ஒரு விஷயத்துக்குச் சாட்சியாக மதித்துக் கேட்டதில்லை என்பது அவளுக்குப் பாதியில்தான் உறைத்தது.

“முற்றின இலை வெளுத்தா தழைச்சத்து இல்லைன்னு அர்த்தம். ஒட்டுமொத்தமா வாடினா வேர் அழுகல். உங்க மரத்துல இளசு வெளுக்குது, நரம்பு மட்டும் பச்சை. இது இரும்புச்சத்துக் குறைவு. மண்ணுல இரும்பு இருக்கும், ஆனா மரத்தால எடுக்க முடியாது. பெரும்பாலும் சுண்ணாம்பு, சிமென்டு ஏறுன மண்ணுலதான் இப்படி ஆகும். வீட்டுல ஏதாவது சுவர் வேலை நடந்துச்சா?”

நாத்தனாரும் அண்ணியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சுவர் வேலைதானே” என்றாள் வெள்ளையக்கா. “எங்க வீட்டுல அது தினமும் நடக்கும்.”

அந்த அம்மாளின் பார்வை கிழிந்த காதில் ஒரு கணம் நின்றது. பிறகு உர வகைகளை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள்.

மாலையில் ரசமட்டம் வந்தான். சைக்கிளை நிறுத்தினான். கலவைச் சட்டியையும், கரணையையும், பூச்சுப் பலகையையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனான். மரத்தடியில் இருக்கும் குழாயைத் திறந்து, ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கழுவினான். சாம்பல் நிறத் தண்ணீர் வேரைச் சுற்றிய பாத்தியில் நிறைந்து மெல்ல இறங்கியது. வீடு கட்டிய நாள் முதல் நடப்பது இது. கருவியை அழுக்கோடு வீட்டுக்குள் கொண்டுவராத வேலைக்காரன் என்று அவனே பெருமையாகச் சொல்வான். ஒவ்வொரு மாலையும் அவள் பார்த்ததுதான். பார்த்துப் பார்த்தே பார்வையில் படாமல் போன ஒன்று. இன்று வாசலில் நின்றபடி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். சிரிப்பு வந்தது. சிரித்தால் பல் போகும். அடக்கிக்கொண்டாள்.

ஆனாலும் அவள் பண்ணை அம்மாளின் வார்த்தையை வைத்துக்கொண்டு தாவவில்லை. சந்தேகத்தின் பேரில் ஒருத்தியை அடிக்கிற வீட்டில், சந்தேகத்தின் பேரில் இன்னொருவனைக் குற்றவாளியாக்க அவளுக்கு விருப்பமில்லை. ஒரே உயரத்தில் மூன்று எலுமிச்சைக் கன்றுகள் வாங்கினாள். மூன்று பெயின்ட் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, ஒரே இடத்து மண்ணை நிரப்பி நட்டு, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வைத்தாள். ஒன்றுக்கு வெறும் தண்ணீர். ஒன்றுக்குச் சோப்பு அலசல் தண்ணீர், நாத்தனார் மாடிக் குளியலறையில் தன் துணியைத் துவைத்துக் கொடுத்தது. ஒன்றுக்குக் கலவைச் சட்டி கழுவிய தண்ணீர். பாத்தியில் ஊறி இறங்குவதற்குள் நாத்தனார்தான் போய் மொண்டு வருவாள்.

“மூணு புள்ளைக்கும் பேரு வச்சாச்சா, அண்ணி?”

“வச்சாச்சு. இது சும்மா. இது நான். அது உங்கண்ணன்.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு தொட்டியில் சாய்ந்து சிரித்தாள். அண்ணனைப் பற்றி அந்த வீட்டில் முதன்முதலாக எழுந்த சிரிப்பு அது.

சில வாரங்கள் போயின. ‘சும்மா’ நன்றாகத் தழைத்தது. ‘நான்’ கொஞ்சம் பொலிவு குறைந்து, இலை ஓரம் கருகியது. “பாரு, நானும் முழு யோக்கியம் இல்ல” என்றாள் வெள்ளையக்கா. ‘அண்ணன்’ நுனியிலிருந்து மஞ்சளானது. நரம்பு பச்சை. மண்ணின் மேல் ஒரு சாம்பல் ஏடு இறுகி, விரலால் தட்டினால் டொக் டொக் என்றது.

ஒரு விடுமுறைக் காலையில் மூன்று வாளிகளையும் இறக்கி முற்றத்தில் வரிசையாக வைத்தாள். நாத்தனார் பக்கத்தில் நின்றாள். ரசமட்டம் பல் துலக்கியபடி வந்தான்.

“எதுக்கு எதை ஊத்தினேன்னு சொல்றேன். அதுவரைக்கும் அடிக்காம கேளுங்க” என்றாள்.

கேட்டான். குந்தி உட்கார்ந்து மூன்றாவது வாளியின் மண்ணைத் தட்டிப் பார்த்தான். பிறகு எழுந்து போய், கடப்பாரையால் மரத்தடியைக் குத்தினான். கடப்பாரை எகிறியது. ஒரு சாண் ஆழத்துக்குப் பாத்தி முழுவதும் பூச்சு போட்ட தரை மாதிரி இறுகிக் கிடந்தது. சிமென்டையே சோறாகத் தின்றவனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. முகம் கறுத்தது. அன்று முழுக்க அந்தச் சிமென்டுப் படிவத்தை உடைத்து உடைத்து வெளியே அள்ளினான். வேரில் கடப்பாரை படாமல் கையால் தோண்டினான். மரத்திடம் அந்தக் கை எவ்வளவு மெதுவாக நடந்துகொள்கிறது என்று அவள் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பண்ணை அம்மாள் சொன்னபடி மக்கிய உரம், கொஞ்சம் கந்தகம், இரும்புச்சத்துத் தெளிப்பு. சட்டி கழுவுவது தெருச் சாக்கடையோரம் போனது. மஞ்சளான பழைய இலைகளில் முக்கால்வாசி தேறவில்லை, உதிர்ந்தன. ஆனால் அடுத்து வந்த தளிர்கள் கரும்பச்சையாக, முழங்கை நீளத்துக்கு எழுந்தன. கொட்டகைச் சாவியை அவன் மேடையில் வைத்தான். கையில் கொடுக்கவில்லை, வைத்தான். அவள் புதுக் குழாய் மாட்டி, கழிவுத் தண்ணீரை முற்றத்துக்கு வராமல் சாக்கடைக்குத் திருப்பினாள். சீருடைகள் வந்தன. ஒரு விடுதியும் திரும்பி வந்தது.

இந்தக் கதை இங்கே முடிந்திருந்தால், உண்மை தெரிந்தால் மனிதன் திருந்துவான் என்று சொல்லிவிட்டுப் போகலாம்.

மரம் பூத்திருந்த ஒரு நாள், நாத்தனார் வேலைக்குப் போயிருந்த நேரம், அவன் கொட்டகைக்குள் வந்தான்.

“வாளிக்கு எம் பேரு வச்சியாமே. என் தங்கச்சியே சொல்லிச் சிரிக்கிறா. புருஷனைப் பெயின்ட் டப்பாவுல வச்சு வளர்த்தியா நீ?”

துவைகல்லில் அவள் நெற்றியை மோதினான். ஈரத் தரையில் அவள் வழுக்கி விழுந்தபோது விலாவில் மிதித்தான். கூடையில் இருந்த வெள்ளை விரிப்பில் ரத்தம் தெறித்தது. அவன் போன பிறகு, ஒரு கண்ணைத் திறக்க முடியாமலே, அவள் அந்த விரிப்பைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டாள்.

அதற்கடுத்து, தொலைபேசியை எடுக்கவில்லை என்று ஒரு நாள். இயந்திரச் சத்தத்தில் கேட்கவில்லை. சிரித்துப் பேசினாள் என்று ஒரு நாள். பேசாமல் இருந்தாள் என்று இன்னொரு நாள்.

அன்று வீங்கிய தாடையில் ஈரத் துணியை ஒற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, அவள் தன் பழக்கப்படியே யோசித்தாள். சோப்பு ஊற்றியபோது அடி. நிறுத்தினேன், அப்போதும் அடி. மரம் மஞ்சளாக இருந்தபோது அடி. பச்சையானது, அப்போதும் அடி. வாயைத் திறந்தால் அடி, மூடினால் அடி. இத்தனை வருடமும் ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தது நான்தான். என்னையே துணியாக வைத்து எல்லா மருந்தும் போட்டுப் பார்த்துவிட்டேன். எதை மாற்றினாலும் மாறாமல் ஒன்று மட்டும் இருந்தது. அந்தக் கை. கறை என்னிடம் இல்லவே இல்லை.

எழுந்து மாடிக்குப் போனாள். நாத்தனாருக்கு அன்று கடை விடுமுறை. இதுவரை நாத்தனார்தான் கீழே இறங்கி வருவாள்.

“நான் போலீஸுக்குப் போகப் போறேன். நீ சாட்சிக்கு வரணும்.”

நாத்தனார் களிம்புக் குப்பியை மூடினாள், திறந்தாள். “கூடப் பிறந்தவன், அண்ணி.”

“தெரியும்.”

“பேசிப் பார்க்கலாமே. மரத்து விஷயத்துல புரிஞ்சுக்கலையா?”

“மரத்து விஷயத்துல மரம் பிழைச்சுது.”

வெள்ளையக்கா இறங்கிப் போய்ச் செருப்பை மாட்டினாள். அந்தச் சமயம் பார்த்து ரசமட்டம் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிட்டான். செருப்பைப் பார்த்தான், தாடையைப் பார்த்தான், தெருப்பக்கம் திரும்பியிருந்த முகத்தைப் பார்த்தான். புரிந்துகொண்டான். சைக்கிளில் தொங்கிய பையிலிருந்து கல் உடைக்கும் சம்மட்டியை எடுத்துக்கொண்டு நேராகக் கொட்டகைக்கு நடந்தான்.

முதல் அடியில் இயந்திரத்தின் கண்ணாடி மூடி சிதறியது. இரண்டாவதில் பக்கத் தகடு உள்வாங்கியது. அவள் ஓடிப்போய் இரண்டாவது இயந்திரத்தின் முன்னால் நின்றாள்.

“தள்ளு.”

“இதை விடமாட்டேன்.”

“விரலை ஒடிப்பேன்னு சொன்னேனா இல்லையா?” அவளுடைய வலது கையைப் பிடித்து இயந்திரத்தின் விளிம்பில் வைத்து அழுத்தினான். சம்மட்டி உயர்ந்தது.

“இப்ப எதுக்குண்ணா?”

படியில் நாத்தனார் நின்றிருந்தாள். “மரம் பச்சையாத்தான் இருக்கு. தண்ணி சாக்கடைக்குத்தான் போகுது. சோறு ஆக்கி வச்சிருக்கா. எதுக்குன்னு ஒண்ணு சொல்லு. ஒரே ஒரு காரணம் சொல்லு, நான் மேலே போயிடுறேன்.”

சம்மட்டி அப்படியே நின்றது. அவன் வாய் திறந்தது. “இவ...” என்றான். மரத்தைப் பார்த்தான். அது பச்சையாக, காயும் பூவுமாக நின்றது. கொட்டகையைச் சுற்றிப் பார்த்தான். “இவ வந்து...” என்றான் மறுபடியும். ஒரு காரணம்கூடக் கைக்கு அகப்படவில்லை.

காரணம் இல்லாமலே அடித்தான்.

சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் நொறுங்கிய சத்தத்தை நாத்தனார் மாடியிலிருந்து அல்ல, பத்தடி தூரத்திலிருந்து கேட்டாள். அவள் ஓடிவந்து அண்ணனின் முதுகில் விழுந்து கழுத்தைக் கட்டி இழுத்தாள். அவன் உதறியதில் தூணில் போய் மோதினாள். எழுந்து, சலவை சோடாத் தூளை டப்பாவோடு அவன் முகத்தில் வீசினாள். அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு தண்ணீருக்குத் தடுமாறிய நேரத்தில், அண்ணியின் இடது கையைப் பிடித்துக்கொண்டு வெளிக்கதவைத் தாண்டினாள். தெருவில் கதவுகள் பாதி திறந்திருந்தன. எங்கோ ஒரு வானொலி கூடியது.

“அந்தப் பாட்டை நிறுத்துங்க” என்று நாத்தனார் தெருவைப் பார்த்துச் சொன்னாள். “இனிமே கேட்கலைன்னு சொல்ல முடியாது.”

காவல் நிலையத்தில் ஒரு பெண் காவலர் எழுதிக்கொண்டார். கையைப் பார்த்ததும் முதலில் மருத்துவமனைக்கு அனுப்பினார். கட்டுப் போட்டுத் திரும்பி வந்ததும் மீதியைக் கேட்டார்.

“சண்டைக்கு என்னம்மா காரணம்?”

“அதை எழுதாதீங்க” என்றாள் வெள்ளையக்கா.

“எழுதாம எப்படி? காரணம்னு ஒண்ணு இருக்கணும்ல?”

“ஒண்ணை எழுதுனா, அதைச் சரி பண்ணிக்கிட்டுச் சேர்ந்து வாழுங்கன்னு அனுப்பிடுவீங்க. எல்லாத்தையும் சரி பண்ணிப் பார்த்தாச்சு, மேடம். அடிச்சார்னு மட்டும் எழுதுங்க.”

பெண் காவலர் அவளுடைய கட்டுப் போட்ட கையைப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார். அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாத்தனார், யாரும் கேட்பதற்கு முன்னால், “நான் அவரோட தங்கச்சி. மாடியில இருந்து எத்தனை வருஷமா எனக்கு என்னென்ன கேட்டுச்சுன்னு முதல்ல சொல்லிடுறேன்” என்று ஆரம்பித்தாள்.

நீதிமன்றம் அவனை அந்த வீட்டுப் பக்கம் வரக்கூடாது என்றது. சுவர் என்னுடையது என்று அவன் வாதாடினான். மண் யாருடையது என்று நீதிபதி கேட்டார். வழக்கு இன்னும் நடக்கிறது. ஒரு எலுமிச்சை மரத்துக்காகப் புருஷனை வெளியே அனுப்பினவள் என்று தெரு அவளைப் பேசுகிறது. அவள் திருத்தப் போகவில்லை. வேலை தலைக்கு மேல் கிடக்கிறது.

சம்மட்டி பட்ட இயந்திரம் போனது போனதுதான். இருக்கிற ஒன்றில் விடுதி விரிப்புகள் ஓடுகின்றன. கட்டுப் பிரித்த பிறகும் வலது கையில் அந்த இரண்டு விரல்களும் மடங்குவதில்லை. அதனால் கனமான விரிப்புகளைத் தனியாகப் பிழிய முடியவில்லை. காலையில் மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் நாத்தனார் கொட்டகைக்கு வந்து ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறாள்.

“நான் இந்தப் பக்கம் முறுக்குறேன். நீ அந்தப் பக்கம்” என்கிறாள் வெள்ளையக்கா. “இன்னும் இறுக்கிப் பிடிடி. மருந்துச் சீட்டு மடிக்கிற மாதிரி மடிக்காதே.”

இருவரும் எதிரெதிராக நின்று முறுக்குகிறார்கள். விரிப்பு கயிறாகத் திரண்டு, தண்ணீரைக் கொட்டுகிறது.